சேர்ச்சுக்குள்ளே ஒரு சேர்ச் திரை

வானின் பின்கதவைத் திறந்து ஸ்ரீ அண்ணை முதலில் இறக்கியது இரண்டு தூண்களை. ஆளைவிட உயரமான வெள்ளைத் தூண்கள். கக்கத்துக்கு ஒன்றாக இடுக்கிக்கொண்டு, பூக்கூடை தூக்கி வருகிறவர்போல அவர் புல்வெளியால் ஏறி வந்தார். எடையே இல்லாத றெஜிபோம் நுரைக்கட்டி. காற்று வீசியபோது தூண்கள் அவரையும் சேர்த்து ஒரு பக்கம் இழுத்தன.

தேவாலயத்தின் தெற்கு வாசலில் லக்சனா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நாளைக்கு இந்த வாசலால்தான் அவள் மணப்பெண்ணாக உள்ளே போக வேண்டும்.

"அண்ணை, உது என்னத்துக்கு?"

"தூண், தங்கச்சி."

"தூண் எண்டு தெரியுது. உள்ளுக்கு எட்டுத் தூண் நிக்குது. கல்லுத் தூண்."

"பாத்தனான். எல்லாம் ஊத்தை பிடிச்ச கலராக் கிடக்கு." அவர் அவளைத் தாண்டி உள்ளே போனார். "நீங்கள் யோசிக்காதேங்கோ. அதுகளுக்கு வெள்ளைச் சற்றின் துணி சுத்தி விடலாம். ஒருத்தருக்கும் தெரியாது."

ஸ்ரீஸ்கந்தராஜா என்ற முழுப்பெயர் அவருடைய விசிட்டிங் கார்டில் மட்டும்தான் இருந்தது. பாடனிலிருந்து ஜெனீவா வரைக்கும் தமிழர் வீட்டுக் கொண்டாட்டங்களுக்கு மணவறை சோடிக்கிறவர் அவர். ஜிம்னாஸ்டிக் மண்டபம், தீயணைப்புப் படையின் மண்டபம், ஒருமுறை மாட்டுச் சந்தைக் கொட்டகை, எதைக் கொடுத்தாலும் மூன்று மணித்தியாலத்தில் அரண்மனையாக்கிவிடுவார் என்று பெயர். கூடைப்பந்து வளையம் இருந்த இடத்தில் மயில் நிற்கும். லக்சனா பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியச் சடங்குக்கு அவளைத் தாமரைப் பூவுக்குள்ளே உட்காரவைத்தவரும் அவர்தான். அந்தப் படம் இப்போதும் ஓல்டனில் அம்மாவின் வரவேற்பறையில் தொங்குகிறது. நண்பர்கள் யாரும் வந்தால் லக்சனா அதை மறைத்து முன்னால் போய் நின்றுகொள்வாள்.

பிழை அவளுடையதுதான். மாப்பிள்ளை பிரவீனன் கிறிஸ்தவன், இவர்கள் சைவம். காலையில் தேவாலயம், பின்னேரம் கீழே ஏரிக்கரை மண்டபத்தில் ஐயர், தாலி, கூறை என்று இரண்டு குடும்பமும் ஒருவழியாக உடன்பட்டபோது, அம்மா ராஜேஸ்வரி ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "சேர்ச்சோ கீர்ச்சோ, எங்கை வேணுமெண்டாலும் வையுங்கோ. சோடினை என்ர பொறுப்பு." நாலு பூச்சாடி வைப்பாள் என்று நினைத்து லக்சனா "ஓம்" என்றாள். முப்பது வருடமாக அம்மாவுடன் வாழ்ந்தவள் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

*

ஓபர்மாட் என்ற இந்தச் சுவிஸ் மலைக்கிராமத்துக்கு இங்கிலாந்துக்காரர்களின் தேவாலயம் வந்த கதையை லக்சனாவைக் கேட்டால் ஒரு பின்னேரம் முழுக்கச் சொல்வாள். பிரவீனனுக்கு மூன்று தரம் சொல்லியிருக்கிறாள்.

நூற்று நாற்பது வருடத்துக்கு முன்னர் தோர்ப் என்ற பாதிரியார் ஒருவர் நெஞ்சு நோயோடு இங்கே வந்தார். மலைக்காற்றில் இருந்தால் உயிரோடு இருக்கலாம், கீழே இறங்கினால் பொறுப்பில்லை என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். கிழக்கு இங்கிலாந்தின் சேற்று நிலக் கிராமம் ஒன்றில் அவருடைய பங்குக் கோயில் இருந்தது. திரும்பிப் போக முடியாது என்று தெரிந்ததும் அந்தக் கோயிலை அளந்து வரையச் சொல்லி ஆள் அனுப்பினார். ஊர் ஹோட்டலுக்கு வரும் இங்கிலாந்துப் பணக்காரர் செலவை ஏற்றுக்கொள்ள, உள்ளூர்க் கொத்தரையும் தச்சரையும் வைத்து அப்படியே கட்டத் தொடங்கினார்.

அப்படியே என்பதுதான் விஷயம். இங்கிலாந்தின் பழைய பங்குக் கோயில் எதுவும் ஒரே மூச்சில் கட்டப்பட்டதல்ல. அறுநூறு வருடமாக, ஊரில் காசு இருந்தபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. முதலில் வந்தவர்கள் தடித்த சுவரும் வட்ட வளைவு வாசலும் வைத்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஒடுங்கிய கூர் யன்னல்களைத் திறந்தார்கள். பிறகு செம்மறி ரோமத்தில் ஊர் கொழுத்த காலம் வந்தது. சுவரை இடித்து அகலமான யன்னல்கள் போட்டார்கள், வடக்குப் பக்கம் ஒரு நடைசாலை சேர்த்தார்கள். தெற்கிலும் சேர்ப்பதற்கு முதலே காசு முடிந்துவிட்டது. யாரோ ஒரு வாசலைத் திறந்தார்கள், யாரோ அதைக் கல்லால் அடைத்தார்கள். பீடப் பகுதி சனங்கள் இருக்கும் பகுதிக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. சிலுவையில் இயேசுவின் தலை சாய்ந்ததன் அடையாளம் என்று ஊரார் சொன்னார்கள். அளவுக் கயிறு பிடித்தவன் பிழையாகப் பிடித்திருக்கிறான் என்பது லக்சனாவின் கட்சி.

இந்த அறுநூறு வருடத்தையும் ஓபர்மாட் கொத்தர்கள் இரண்டு கோடையில் கட்டி முடித்தார்கள். ஒருநாளும் திறந்திராத வாசலைக் கட்டி, அதை உடனேயே அடைத்தார்கள். சுவிஸ்காரர் என்பதால் கோணலையும் அளவு பிசகாமல் கோணலாகக் கட்டினார்கள். கூரை விட்டங்களின் நுனியில் இருந்த மரத் தேவதூதர்களை மட்டும் உள்ளூர்த் தச்சன் தன் விருப்பத்துக்குச் செதுக்கிவிட்டான். எல்லாத் தேவதூதருக்கும் மாடு மேய்க்கிறவர்களின் கன்னம்.

பீடத்துக்கு மேலே இருந்த கிழக்கு யன்னலிடம்தான் லக்சனா மனதைப் பறிகொடுத்தாள். இங்கிலாந்தில் இருந்த மூல யன்னலின் சித்திரக் கண்ணாடியை ஒரு காலத்தில் மத வெறியர்கள் கல்லால் அடித்து நொருக்கியிருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் குப்பையில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கி, எந்தத் துண்டு எங்கே பொருந்துமோ அங்கே ஒட்டினார்கள். வெறும் பச்சை கலந்த கண்ணாடிக்கு நடுவே அரைவாசி முகம், ஒரு இறக்கை, சிவப்புத் துணியின் மடிப்பு, ஆசீர்வதிக்கும் ஒரு கை. அந்தக் கை தலைகீழாக இருந்தது. ஓபர்மாட்டின் கண்ணாடிக்காரனும் அதைத் தலைகீழாகவே வைத்தான்.

சோலோதுர்னில் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் கட்டடக் கலைஞர் அவள். ஒரு வருடம் இந்தத் தேவாலயத்தை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தாள். விடுமுறை எடுத்து இங்கிலாந்துக்கும் போய் மூலத்தைப் பார்த்தாள். போனால், அங்கே அடைத்த வாசலைத் திறந்து கழிவறை கட்டியிருந்தார்கள். யன்னலில் யாரோ அக்கறையுள்ள ஒருவர் கையை நிமிர்த்தி வைத்திருந்தார். அந்தக் கோயிலின் பழைய கோலம் இப்போது இருப்பது சுவிஸ் மலையில் மட்டும்தான் என்று அவளுக்கு அங்கே மழையில் நிற்கும்போது விளங்கியது.

திரும்பி வந்து அவளே எழுதிக் கொடுத்தாள்: கிழக்கு யன்னலின் கண்ணாடித் துண்டுகளைப் பிணைக்கும் ஈயம் வயிறு தள்ளி நிற்கிறது, அடுத்த பெருங்காற்றுக்கு விழக்கூடும், முழு யன்னலையும் கழற்றித் திருத்த வேண்டும். திங்கட்கிழமை சாரம் கட்ட வருகிறார்கள். அதன்பிறகு இரண்டு வருடமோ மூன்று வருடமோ அந்த இடத்தில் பலகைதான். கலியாணத்தை ஆவணியிலிருந்து ஆனிக்கு இழுத்தது அதற்காகத்தான். அந்த யன்னலுக்கு முன்னால் நின்று கலியாணம் செய்ய அவளுக்கு இருந்த கடைசி நாள் நாளைதான்.

*

உள்ளே போனபோது ஸ்ரீ அண்ணை பீடப் பகுதியில் இரும்புச் சட்டங்களைப் பொருத்தி முடித்திருந்தார். அம்மா முன்வரிசை வாங்கில் உட்கார்ந்து, கழுத்தை அப்படியும் இப்படியும் சாய்த்து, "கொஞ்சம் வலப்பக்கம், தம்பி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பீடப் பகுதியே இடப்பக்கம் சாய்ந்திருப்பதால் எதை எங்கே வைத்தாலும் அவளுக்குக் கோணலாகத்தான் தெரிந்தது.

"அம்மா, அது நேரா வராது. கட்டினதே அப்பிடித்தான்."

"ஏன், இவங்களிட்ட மட்டம் பாக்கிற சாமான் இருக்கேல்லையோ?"



சட்டத்தின் உச்சியிலிருந்து பெரிய சுருள் ஒன்று இறங்கத் தொடங்கியது. மண்டபங்களில் மணவறைக்குப் பின்னால் தொங்கவிடும் அச்சடித்த திரை. நாலு மீற்றர் அகலம். மயிலோ யானையோ வரப்போகிறது என்று அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். முதலில் கூர் வளைவொன்றின் நுனி வந்தது. பிறகு கல் பின்னல். பிறகு நீலமும் சிவப்புமாக ஜொலிக்கிற சித்திரக் கண்ணாடி, இரண்டு பக்கமும் தூண் வரிசை, மெழுகுதிரிகள், மேலேயிருந்து சாய்ந்து விழும் மஞ்சள் ஒளிக் கற்றைகள்.

தேவாலயம். கிழக்கு யன்னலை முழுக்க மறைத்துக்கொண்டு, தேவாலயத்துக்குள்ளே ஒரு தேவாலயத்தின் படம்.



"எப்பிடி?" என்றார் ஸ்ரீ அண்ணை ஏணியில் நின்றபடி. "அக்கா சேர்ச் கலியாணம் எண்டு சொன்னவுடனே இதைத்தான் எடுத்து வச்சனான். வேதக்கார ஆக்களின்ர கலியாணத்துக்கு ஹோலில நாங்கள் இதுதான் போடுறது. லௌசானில போட்டனாங்கள், சனம் கையெடுத்துக் கும்பிட்டது."

"அண்ணை. நாங்கள் நிக்கிறதே சேர்ச்சுக்குள்ள."

"ஓம்."

"பின்ன என்னத்துக்கு சேர்ச் படம்?"

அவர் திரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். அவருக்கு உண்மையாகவே கேள்வி விளங்கவில்லை. "இது வடிவான சேர்ச் தங்கச்சி," என்றார் பொறுமையாக.

"அம்மா!"

"கத்தாத. சாமி இடம்," என்றாள் அம்மா. "நான் அந்த யன்னலைப் பாத்தனான். எல்லாம் உடைஞ்சு, ஒட்டுப் போட்டுக் கிடக்கு. கனடாவில இருந்து யோகாம்பாள் வீடியோவில பாப்பாள். பாத்திட்டு, ராசேஸ் தன்ர மகளைப் பாழடைஞ்ச கட்டடத்துக்குள்ள வச்சு முடிச்சுக் குடுத்தவள் எண்டு ரொறன்ரோ முழுக்கச் சொல்லுவாள். உனக்கு அவளைத் தெரியாது."

யோகாம்பாள் அம்மாவின் தங்கை. லக்சனாவுக்கு அவளை நன்றாகத் தெரியும்.

"அதோட வெளிச்சப் பிரச்சினையும் இருக்கு," என்று ஒரு குரல் வந்தது. வீடியோ எடுக்க வந்திருந்த மாமா மகன் நிருசன், வாங்குக்குக் கீழே வயரை ஒட்டிக்கொண்டிருந்தவன், தலையை மட்டும் தூக்கினான். "காலமை வெயில் அந்த யன்னலாலதான் வரும் அக்கா. அதைப் பின்னால வச்சு எடுத்தா ரெண்டு பேரின்ர முகமும் கறுப்பா வரும்."

"கேட்டியோ? முகம் கறுப்பா வருமாம்."

"அம்மா, நாங்கள் கறுப்புத்தான்."

"அதை வீடியோவிலயும் போட்டுச் சொல்ல வேணுமோ?"

அவள் பிரவீனனுக்கு அழைத்தாள். ஓல்டனில் ரயில் சாரதியாக இருக்கிறவன் கலியாணத்துக்கு முதல்நாளும் வேலைக்குப் போயிருந்தான். ரயிலின் ஒரு முனையிலிருந்து மற்ற முனைக்கு மாறுகிற இடைவெளியில்தான் ஃபோனை எடுப்பான்.

"சொல்லும்."

"யன்னலை மறைச்சுப் போட்டினம். சேர்ச் படத்தால."

மறுமுனையில் ஏதோ அறிவிப்பு ஓடியது. "எந்த சேர்ச்?"

"எந்த சேர்ச்சா இருந்தா என்ன?"

"இல்லை, கேட்டன். மாமியோட ஆறுதலாக் கதையும். அவ விருப்பப்பட்டுச் செய்யிறா. ஒரு துணி தானே... சரி, சிக்னல் விழுந்திட்டுது, வைக்கிறன்."

ஒரு துணி தானே. அவள் கைபேசியை வாங்கில் எறிந்தாள். மெத்தை இல்லாத வாங்கு, சத்தம் கூரைவரை போனது. மேய்ப்பர் கன்னத் தேவதூதர்கள் எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, நான் கடைசியாச் சொல்லுறன். சேர்ச்சுக்குப் பொறுப்பான மிஸிஸ் ஹார்டிங் நாலு மணிக்குப் பாக்க வருவா. பீடத்தையும் யன்னலையும் மறைக்கக் கூடாது எண்டு அவ முதலே எழுதினவ. மறைச்சா கலியாணமே இல்லை. சேர்ச்சைப் பூட்டிக்கொண்டு போயிடுவா."

"வரட்டும். கதைச்சுப் பாப்பம்."

"என்னத்தைக் கதைக்கிறது?"

"எந்த ஹவுஸ்வார்ட்டும் முதல்ல ஏலாது எண்டுதான் சொல்லுவான் தங்கச்சி," என்று ஸ்ரீ அண்ணை ஏணியிலிருந்து இறங்கினார். மண்டபக் காவலர்களோடு இருபது வருடம் மல்லுக்கட்டிய களைப்பு அவருடைய குரலில் இருந்தது. "சுவரில ஒரு ஆணி அடிச்சிருக்கிறனோ? ஒட்டு ஒட்டினனோ? எல்லாம் தன்பாட்டில நிக்கிற சட்டம். ஒண்டும் சொல்ல மாட்டினம். ரெண்டு ரோல்ஸ் குடுத்தாச் சரி."

"அண்ணை, இது ஹோல் இல்லை. இது எப்பிடி வந்த கட்டடம் எண்டு தெரியுமோ?" என்று தொடங்கியவள், தோர்ப் பாதிரியார், சேற்று நிலம், அறுநூறு வருடம், அடைத்த வாசல் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். தன் குரல் உயர்ந்துகொண்டே போவது அவளுக்கே கேட்டது. ஸ்ரீ அண்ணை வடிவாகக் கேட்டார். கேட்டுவிட்டு, எட்டிப் போய் அடைத்த வாசலின் கல்லைத் தட்டிப் பார்த்தார்.

"அப்ப, அந்தாளுக்கு ஊருக்குப் போக ஏலாமப் போச்சு."

"ஓம்."

"ஊர்க் கோயில் மாதிரி ஒண்டை இஞ்ச போட்டிட்டார்."

"ஓம்."

"திறக்காத கதவு, பழசு மாதிரி யன்னல், எல்லாம் பாத்துச் செய்தது."

"ஓம் அண்ணை."

"அப்ப இதுவும் செட் தானே." அவர் சந்தோஷமாகச் சிரித்தார். "நல்லாப் போட்டிருக்கிறாங்கள். நூற்றி நாப்பது வருசம் நிக்குதெல்லோ. எனக்கெண்டா ஒரு பின்னேரத்தில கழட்ட வேணும்."

பதில் ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்று லக்சனாவுக்குத் தெரிந்தது. ஒரு வருட ஆராய்ச்சியில் எங்கேயோ இருக்கும். அந்த நேரத்துக்கு அது வரவில்லை. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

*

மிஸிஸ் ஹார்டிங் நாலு மணிக்குச் சொல்லிவைத்தாற்போல் வந்தாள். இந்த ஊர்க்காரனைக் கட்டி, இங்கேயே கிழவியான இங்கிலாந்துப் பெண். தேவாலயத்தின் சாவியும் சட்டதிட்டமும் அவளுடைய பொறுப்பில்தான். மலை ஏறும் சப்பாத்தோடு நடைபாதையின் நடுவில் நின்று திரையைப் பார்த்தாள். சற்றின் சுற்றிய தூண்களைப் பார்த்தாள். பீடத்துக்கு முதுகு காட்டி, சனங்களைப் பார்த்தபடி போட்டிருந்த தங்கநிறச் சோடி நாற்காலியைப் பார்த்தாள்.

"இது யாருக்கு?" என்று ஜேர்மனில் கேட்டாள்.

"மாப்பிளை, பொம்பிளைக்கு," என்று அம்மாவும் ஜேர்மனிலேயே சொன்னாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருபத்தைந்து வருடம் பழகிய ஜேர்மன், கட்டளையிடுவதற்கு மிகவும் பொருத்தமானது. "சுவரில் ஆணி இல்லை. பசை இல்லை. எல்லாம் தனியே நிற்கிறது. நாளைக்கு நாங்களே துப்புரவு செய்வோம். நீங்கள் ரோல்ஸ் சாப்பிடுவீர்களா?"

"நன்றி, பிறகு. அம்மணி, அந்தத் திரை அங்கே இருக்க முடியாது. திரை இருந்தால் நாளைக்குத் திருமணம் இல்லை."

"ஏன்? வடிவான திரை."

"வடிவானதுதான்," என்றாள் மிஸிஸ் ஹார்டிங் நேர்மையாக. "ஆனால் அது அங்கே இருக்க முடியாது."

அம்மா லக்சனாவைப் பார்த்தாள். நீதான் இவளுக்குச் சொல்லிக் கொடுத்தாய் என்ற பார்வை. பிறகு வாங்கில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கைப்பை மடிக்கு வந்துவிட்டால் அம்மாவை யாரும் அசைக்க முடியாது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். "சேர்ச் இல்லையெண்டா இல்லை," என்றாள் தமிழில், பொதுவாக எல்லாருக்கும். "ஹோல் இருக்கு. பாதிரியாரும் ஹோலுக்கு வரட்டும்."

லக்சனா இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். இரண்டு கிழவிகள், ஒருத்தியிடம் சாவி, ஒருத்தியிடம் கைப்பை. நாளைக்கு வெயில் வரும், யன்னலால் உள்ளே விழும், பார்க்க ஒரு ஆள் இருக்காது. திங்கட்கிழமை கழற்றிவிடுவார்கள்.

மிஸிஸ் ஹார்டிங்குக்குத் தமிழ் விளங்கவில்லை. "சரி, அதைப் பிறகு பேசுவோம். முதலில் ஒருமுறை நடந்து பார்த்துவிடுவோம்," என்றாள். எத்தனையோ கலியாணங்களை நடத்திவைத்தவள். "மாப்பிள்ளை எங்கே?"

"ரயிலில்," என்றாள் லக்சனா.

"அப்போது யாராவது மாப்பிள்ளையாக நில்லுங்கள்." அவள் ஸ்ரீ அண்ணையைக் கைகாட்டினாள்.

"அதெல்லாம் சரிவராது!" அம்மா கைப்பையை வாங்கில் வைத்துவிட்டுப் பாய்ந்து எழும்பினாள். "தம்பி, அங்கால போம். நான் நிக்கிறன்."

மிஸிஸ் ஹார்டிங் அம்மாவையும் லக்சனாவையும் தோளில் பிடித்துப் படியின் முன்னால் நிறுத்தினாள். பீடத்தைப் பார்த்து. அம்மா உடனே வாங்குகளின் பக்கம் திரும்பினாள். மிஸிஸ் ஹார்டிங் மறுபடி பீடத்தின் பக்கம் திருப்பினாள். அம்மா மறுபடி திரும்பினாள்.

"இல்லை, அம்மணி. அந்தப் பக்கம். கிழக்கே."

"சனம் இந்தப் பக்கமெல்லோ இருக்கு?"

"ஆம். அவர்களும் கிழக்கே பார்ப்பார்கள். எல்லாரும் கிழக்கே பார்ப்பார்கள். பாதிரியார் மட்டும்தான் இந்தப் பக்கம் பார்ப்பார்."

அம்மா மகளிடம் தமிழுக்கு மாறினாள். "என்னடி சொல்லுறா? வந்த சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டோ கலியாணம் முடிக்கிறது?"

"ஓம் அம்மா. சேர்ச்சில அப்பிடித்தான்."

"முழு நேரமுமோ?"

"முழு நேரமும்."

"இதை ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?"

லக்சனா வியந்துபோனாள். அவளுக்கு அது சொல்லவேண்டிய விஷயமாகவே படவில்லை. அம்மா இந்த நாட்டில் நூறு கலியாணத்துக்காவது போயிருப்பாள். நூறும் மண்டபம், நூறிலும் மேடை, சனத்தைப் பார்த்து இருக்கிற சோடி. வேதக்காரரின் கலியாணமாக இருந்தாலும் மண்டபத்து விருந்துக்குத்தான் போயிருக்கிறாள், திரையில் இருந்த இந்தத் தேவாலயத்துக்கு முன்னால்.

"அப்ப அந்தக் கதிரை?" என்றார் ஸ்ரீ அண்ணை.



"மாமி, கொஞ்சம் பொறுங்கோ," நிருசன் கமராவைத் தூக்கிக்கொண்டு பீடத்தின் பக்கம் ஓடினான். "நீங்கள் அந்தப் பக்கம் பாத்து நிக்கிறதெண்டா, நான் இஞ்சால நிண்டுதான் எடுக்க வேணும். முகம் எனக்கு இஞ்ச இருந்துதான் தெரியும்." மூலையில் முக்காலியை விரித்து, கண்ணை வைத்துப் பார்த்தான். "ஆனா மாமி."

"என்ன?"

"வந்து பாருங்கோ."

அம்மா போய்க் கமராவின் சின்னத் திரையில் பார்த்தாள். லக்சனாவும் பின்னால் போனாள். சதுரத்துக்குள்ளே வெறும் வாங்குகள், அதற்கு அப்பால் மேற்குச் சுவர், கோபுரத்துக்குக் கீழே திறந்த வளைவு. இங்கிலாந்துப் பங்குக் கோயில்களில் பெரும்பாலும் சனம் மேற்கால் வருவதில்லை. வாசல் தெற்கில் இருக்கும். அதனால் கோபுரத்தின் அடி, சாமான் போட்டுவைக்கும் இடமாகிவிட்டது. அடுக்கிய பிளாஸ்டிக் கதிரைகள், தீயணைக்கும் சிலிண்டர், கோப்பி மெசின், அறிவித்தல் பலகை. நடுவில், நாளைக்கு லக்சனாவின் தலை வரப்போகிற இடத்துக்குச் சரியாகப் பின்னால், சிவப்பு நிற வாக்குவம் கிளீனர் ஒன்று கண்ணும் மூக்கும் வரைந்த முகத்தோடு சிரித்துக்கொண்டிருந்தது.

"ஐயோ," என்றாள் அம்மா.

லக்சனா வாயைத் திறக்கவில்லை. அந்த நாளில் அவள் செய்த ஒரேயொரு புத்தியான காரியம் அதுதான்.

அம்மா கமராவைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மேற்குச் சுவரைப் பார்த்தாள். முப்பது பேருக்குச் சாப்பாடு போடும் சமையலறையில் ஒரு அடுப்புப் பழுதானால் எப்படி முகம் வைத்துக்கொள்வாளோ அப்படி வைத்துக்கொண்டாள்.

"தம்பி ஸ்ரீ."

"அக்கா, வேண்டாம்," என்றார் ஸ்ரீ அண்ணை. அவருக்கு விளங்கிவிட்டது.

"கழட்டுங்கோ. அங்க கொண்டுபோய்ப் போடுங்கோ."

"அக்கா, ரெண்டு மணித்தியாலம் நிண்டு கட்டினது! முதலே ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா..."

"ஆர் எனக்குச் சொன்னது? படிச்ச பிள்ளை, வருசக்கணக்கா இந்தக் கட்டடத்தைப் பற்றிக் கதைக்குது. கதவு அடைச்சதாம், கை தலைகீழாம். ஆக்கள் எந்தப் பக்கம் பாத்து நிக்கிறது எண்டதை மட்டும் சொல்லேல்லை!"

மிஸிஸ் ஹார்டிங் தங்கநிற நாற்காலியில் உட்கார்ந்து, யாரோ நீட்டிய ரோல்ஸைக் கடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கவனித்தாள். திரை மேற்கே போகிறது என்று தெரிந்ததும் தலையசைத்தாள். "அங்கே எதை வேண்டுமானாலும் மறையுங்கள். நானே அந்தப் பலகையை மறைக்க வருடக்கணக்காகப் பார்க்கிறேன்."

திரையைக் கொண்டுபோவது சுலபமாக இருக்கவில்லை. ஞானஸ்நானத் தொட்டி ஒன்று வழியில் நின்றது. அதை நகர்த்தலாமா என்று ஸ்ரீ அண்ணை கேட்டார். ஒரே கல், பல தொன் நிறை என்று லக்சனா சொன்னபோது, இவங்கள் எதையும் றெஜிபோமில் செய்யத் தெரியாதவங்கள் என்றார். சட்டத்தைத் தொட்டிக்குப் பின்னால் நுழைத்து, இரண்டு தரம் விரலை நசித்து, ஒரு சற்றினைக் கிழித்து, இந்தக் கட்டடத்தில் நேரான இடமென்று ஒன்றாவது உண்டா என்று கேட்டு, ஒருவாறு நிமிர்த்தினார். அம்மா பீடத்தடியில் நின்று, கமராவுக்குள் பார்த்து, "வலப்பக்கம், தம்பி" என்றாள். இந்தத் தடவை வலப்பக்கம் தள்ளியதும் நேராக வந்துவிட்டது.

கிழக்கு யன்னல் அவர்களுக்கு மேலே திறந்து கிடந்தது. பின்னேரம், அந்தப் பக்கம் வெயில் இல்லை. கண்ணாடி மங்கலாக, ஈயம் வயிறு தள்ளி, உண்மையிலேயே ஒட்டுப்போட்ட பழந்துணிபோல இருந்தது.

"இதுக்கோ இவ்வளவு சண்டை?" என்றாள் அம்மா.

"நாளைக்குப் பாருங்கோ," என்றாள் லக்சனா. மேலே சொல்ல அவளிடம் சக்தி இருக்கவில்லை.

*

காலையில் வெயில் மலைமுகட்டைத் தாண்டியபோது பாதிரியார் இரண்டாவது செபத்தில் இருந்தார். அதுவரை சாம்பலாக இருந்த யன்னலில் ஒளி மேல் விளிம்பிலிருந்து மெல்ல இறங்கியது. முதலில் பச்சை. பிறகு சிவப்புத் துணியின் மடிப்பு. அரை முகத்தில் ஒரு கண். கடைசியில் கை, தலைகீழாக, மேலேயிருந்து யாரோ அவர்களுக்கு எட்டிக் கொடுப்பதுபோல. இந்த ஒரு வருடத்தில் லக்சனா எத்தனையோ காலைகளில் அதன் கீழே நின்றிருக்கிறாள். ஒரு தடவையும் அப்படித் தெரியவில்லை. எப்போதும் கையில் அளவு நாடா இருந்தது.

"லக்சனா," என்று பிரவீனன் உதடு அசையாமல் சொன்னான். "என்ர சேட்டெல்லாம் பச்சையா இருக்கு. கமராவில வருமோ?"

"பேசாம நில்லும்."

"பாதர் உம்மட்ட ஏதோ கேட்டவர்."

பாதிரியார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் இருநூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "ஓம்," என்றாள் அவள் அவசரமாக, தமிழில். பிறகு ஜேர்மனில் சொன்னாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அம்மாவின் இருமல் தனியாகக் கேட்டது.

வீடியோ மூன்று கிழமை கழித்து வந்தது. நிருசன் பயந்ததுபோலக் கறுக்காமல் முகங்கள் நல்ல வெளிச்சமாக, கண்ணாடிக்கு ஊடாக வந்த காலை வெயிலில் பளிச்சென்று இருந்தன. அவர்களுக்குப் பின்னால், தொடக்கத்திலிருந்து முடிவுவரை, ஸ்ரீ அண்ணையின் தேவாலயம் நீலமும் சிவப்புமாக ஜொலித்தது. உண்மையான யன்னல் ஒரு நிமிடம்கூட வரவில்லை. அது ஏற்கெனவே பெட்டி பெட்டியாகக் கழற்றப்பட்டு, வைக்கோலுக்குள் படுத்திருந்தது.

லக்சனா பார்த்து முடித்து, இதை யாரிடம் போய் முறையிடுவது என்று தெரியாமல் ஓல்டன் வீட்டுச் சோபாவில் இருந்தாள். தாமரைப் பூப் படம் தலைக்கு மேலே தொங்கியது. அம்மா சமையலறையில் கைபேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். ரொறன்ரோவிலிருந்து யோகாம்பாள் சின்னம்மாவின் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"ராசேஸ் அக்கா, சேர்ச் என்ன வடிவு! பின்னால அந்த யன்னல், அப்பப்பா. வெளிநாட்டுச் சேர்ச் எண்டா அப்பிடித்தான் இருக்க வேணும். எவ்வளவு பழசோ?"

"அது யன்னல் இல்லையடி. துணி."

"என்ன துணி?"

"துணியடி, துணி. ஸ்ரீஸ்கந்தராசா கொண்டுவந்து கட்டினவர். யன்னல் மற்றப் பக்கம் இருந்தது. நாங்கள் எல்லாரும் அதைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள்."

"அது ஏன் வீடியோவில இல்லை? இதைவிட வடிவோ?"

கத்தி நின்றது. லக்சனா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வடிவெண்டு சொல்ல ஏலாது," என்றாள் அம்மா. "உடைஞ்ச கண்ணாடிதான். அரைவாசி முகம். ஒரு கை, அதுவும் தலைகீழாக் கிடக்கு. எண்டாலும் வெயில் வந்தவுடனே அது..." அவள் நிறுத்தினாள். மறுபடி தொடங்கினாள். "அந்தக் கை வந்து... பிள்ளையளின்ர தலைக்கு மேல..." மறுபடி நிறுத்தினாள்.

"என்னக்கா சொல்லுறாய்? எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

"உனக்குச் சொல்லி விளங்காது," என்றாள் அம்மா எரிச்சலோடு. "வை ஃபோனை, கறி அடிப்பிடிக்குது."